சிவப்பு வட்டத்துக்குள் 10.88: இயற்பியல் செய்முறைத் தேர்வை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளின் இயற்பியல் செய்முறைப் பாடத்தையும் அதற்குரிய மதிப்பெண் பங்கீட்டையும் வகுக்கும் குழுவினர், செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளர்களாகச் செல்லும் ஆசிரியர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் ரெக்கார்டு நோட்டில் கடந்த மாதம் ஒரு பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. ஆறு நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகளுக்கான நேரம் இரண்டு முறை, சராசரி, அலைவு நேரம், அதன் வர்க்கம், கடைசிப் பத்தியில் நீளத்தை அந்த வர்க்கத்தால் வகுத்த ஈவு என்று எல்லாம் ஒழுங்காகக் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. அந்த ஈவை 4π²-ஆல் பெருக்கி, முடிவு என்ற இடத்தில் 10.88 மீ/வி² என்று எழுதப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில், "9.8 வர வேண்டும். திரும்ப எழுதவும்."

"திரும்பச் செய்யவும்" என்று அங்கே எழுதப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதே வட்டத்தை நானும் எத்தனையோ நோட்டுகளில் போட்டிருக்கிறேன். அறுபது பேர் உள்ள வகுப்பு, நான்கு ஊசல், இரண்டு பாடவேளை என்ற கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வட்டம் எப்படி வருகிறது என்பது தெரியும். திரும்ப எழுதுவது எப்படி என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். 9.8-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அலைவு நேரம் வரும். அதை 20-ஆல் பெருக்கினால் சராசரி வரும். அதில் பத்தில் ஒன்றோ இரண்டோ கூட்டி முதல் முறை, குறைத்து இரண்டாம் முறை. எங்கள் காலத்தில் இதற்கு "ரீடிங் போடுவது" என்று பெயர். ஊசலைத் தொடாமலே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாணவனாக இருந்தபோது நானும் ரீடிங் போட்டேன். ஆசிரியரான பிறகு, புறத்தேர்வாளர் வருவதற்கு முன் மேசை மேசையாகப் போய், என்ன விடை வரவேண்டும் என்பதைத் தாழ்ந்த குரலில் நினைவூட்டியிருக்கிறேன். ஆகவே இந்த மடலைக் குற்றப்பத்திரிகையாகக் கொள்ள வேண்டாம். அப்படிக் கொண்டால் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும்.

என் பேத்தி திரும்ப எழுத உட்காரவில்லை. "எல்லா நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி 10.8-னு தான் வருது தாத்தா. தப்பா செஞ்சிருந்தா அங்கங்க மாறித்தானே வரணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. என் பணிக்காலம் முழுவதும் வாய்மொழித் தேர்வில் நான் கேட்ட எந்தக் கேள்வியையும் விட நல்ல கேள்வி.

வீட்டிலேயே கட்டிப் பார்த்தோம். கொத்தனார் விட்டுப்போன தூக்குக் குண்டு ஒன்று கிடந்தது. அதைக் கத்தி முனையில் கிடத்தி அதன் எடை சமனாகும் இடத்தைப் பேனாவால் குறித்தாள். அழிப்பான் ஒன்றை இரண்டாகப் பிளந்து நடுவே நூலைக் கொடுத்து, வாசல் நிலையின் மேற்கட்டையில் இறுக்கினோம். பிடியிலிருந்து பேனாக் குறிவரை 100 செ.மீ. எதிர்ச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. நேரம் பார்க்க என் கைப்பேசி.

குண்டை விட்டாள். அது கோட்டைக் கடந்த கணத்தில் கைப்பேசியை அழுத்திக்கொண்டே "ஒன்று" என்றாள். பிழை அங்கேதான் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இதைப் படிக்கும் உங்களுக்கும் புரிந்திருக்கும். அழுத்தும்போது "ஒன்று" என்றால் "இருபது" என்னும்போது முடிந்திருப்பவை 19 அலைவுகள்தான். சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லாமல் இருந்தேன், ஓர் ஆசிரியருக்கு அதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை. "இருபது மட்டும்தான் எண்ணணும்னு யார் சொன்னா? பத்து எண்ணிப் பாரு, முப்பது எண்ணிப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

பத்துக்கு 18.1 வினாடி, இருபதுக்கு 38.1, முப்பதுக்கு 58.3. கணக்குப் போட்டாள். பத்து எண்ணினால் ஈர்ப்பு முடுக்கம் 12.05, இருபது எண்ணினால் 10.88, முப்பது எண்ணினால் 10.45. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூமி மாறுதா, நான் மாறுறேனா?" என்றாள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முதலில் மின்விசிறியின் மேல் சந்தேகம். அணைத்துவிட்டு அளந்தாள், மாற்றமில்லை. அடுத்து, ஊசலை அதிகமாக இழுத்து விட்டோமோ என்று வீச்சைப் பாதியாகக் குறைத்தாள், அதிலும் இல்லை. நூல் நீள்கிறதோ என்று மறுபடியும் டேப் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சந்தேகத்தையும் ஓர் அளவீட்டால் விசாரித்துத்தான் விடுவித்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கடைசியில் வரைபடத் தாளை எடுத்து, எண்ணிக்கையைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்து மூன்று புள்ளிகளைக் குறித்துக் கோடு இழுத்தாள். அருமையான நேர்கோடு. ஆனால் அது ஆதிப்புள்ளிக்குப் போகவில்லை. கிடை அச்சை ஒன்று என்ற இடத்தில் வெட்டியது. நேரம் சுழியாக இருக்கும்போதே எண்ணிக்கை ஒன்றாக இருந்திருக்கிறது. சற்று நேரம் அசையாமல் இருந்தவள், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பதிலிருந்து பத்தைக் கழித்தால் எங்கே தொடங்கினோம் என்ற தொல்லை போய்விடும் என்பதையும் அவளே சொன்னாள்: 58.3-இலிருந்து 18.1 போக 40.2 வினாடி, அது முழுதாக 20 அலைவு, அலைவு நேரம் 2.01, விடை 9.77.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடமே அளவீட்டியல்தான். முறையான பிழை என்றால் என்ன, ஒழுங்கற்ற பிழை என்றால் என்ன, பிழைகள் எப்படிப் பெருகிப் பரவும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன; அந்தப் பாடத்தைச் சேர்த்தவர்களுக்கு என் நன்றி. அதே பாடத்திலிருந்து வந்த கேள்விக்கு வகுப்புத் தேர்வில் என் பேத்தி சரியான விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் ஒரே பக்கமாகச் சாயும் பிழை முறையான பிழை. சராசரி எடுத்தால் அது போகாது. அந்த வரையறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டாம், அவளுடைய ரெக்கார்டு நோட்டிலேயே ஆறு வரிசைகளாக அது கிடந்தது. ஆனால் அந்த வரையறையும் அந்த நோட்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. எழுத்துத் தேர்வில் பிழையைப் பற்றி எழுதினால் மதிப்பெண் உண்டு. செய்முறையில் பிழை இருந்தால் சிவப்பு வட்டம். என் பணிக்காலத்தில் நான் கையாண்ட மதிப்பெண் பங்கீடுகளில் சூத்திரத்துக்கும் செய்முறை விளக்கத்துக்கும் காட்சிப் பதிவுகளுக்கும் (அளந்து எழுதும் எண்களுக்கும்) கணக்கீட்டுக்கும் முடிவுக்கும் இடம் இருந்தது. "இந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்" என்ற கேள்விக்கு இடம் இருந்ததில்லை.

9.8 என்ற அந்த எண்ணைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். பல நோட்டுகளில் 9.81 என்றும் "திருத்தி" எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். 9.80665 என்பது 1901-இல் எடைகள், அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு வசதிக்காக ஏற்றுக்கொண்ட பொதுமதிப்பு. கிட்டத்தட்ட 45 பாகை அட்சரேகைக்கு, கடல்மட்டத்தில் பொருந்தக்கூடியது. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் இந்த முடுக்கம் 9.780 அளவிலும் துருவங்களில் 9.832 அளவிலும் இருக்கிறது. 13 பாகையில் இருக்கும் சென்னைக்குக் கணக்கிட்டால் 9.783 வருகிறது. உதகமண்டலத்தில் படிக்கும் மாணவருக்கு, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், அதைவிடவும் சற்றுக் குறையும். ஆக, தமிழ்நாட்டில் அமர்ந்துகொண்டு 9.81-க்குத் திருத்துகிற மாணவர், சரியாக இருக்கக்கூடிய எண்ணை அழித்துவிட்டு வேறோர் ஊரின் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சிறு வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் நிலநடுக்கோட்டை ஒட்டிய, தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு ஊசல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோனார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது; ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பாரிசில் வந்த விடைதான் இங்கும் வர வேண்டும் என்று அவர் குறிப்பேட்டைத் திருத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, வினாடி ஊசலின் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின்) நீளம் அங்கே குறைவு என்று எழுதிவைத்தார். பூமி முழுக் கோளமன்று, துருவங்களில் தட்டையானது என்ற நியூட்டனின் வாதத்துக்கு அந்த அளவீடு சான்றாயிற்று. நம் ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானோக்ககத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலின் நீளத்தை அளந்து, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1822-இல் வெளியிட்டார். தனி ஊசல் சோதனையைச் செய்யும் சென்னை மாணவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தன் ஊரிலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வின் வாரிசு. இதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறோமா? நான் சொன்னதில்லை.

அதே வேளையில், எங்கள் வாசல் நிலையில் ஆடிய ஊசல் 9.783-ஐ நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கைப்பேசியை அழுத்துவதில் முன்பின் 0.2 வினாடி போகும். 40 வினாடியில் அது அரை விழுக்காடு. அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது ஒரு விழுக்காடாகும். ஆகவே எங்களால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது, 9.7-க்கும் 9.9-க்கும் இடையில் என்பது மட்டுமே. 9.78-ஆ 9.81-ஆ என்று தீர்ப்பளிக்க அந்த நூலுக்கும் குண்டுக்கும் அதிகாரம் இல்லை. இதை உணர்ந்த மாணவர்தான் சான்றை எடைபோடக் கற்றவர். பள்ளிக்கூடத்து நூலில் கட்டிய ஊசலிலிருந்து ஆறு நீளத்துக்கும் அச்சடித்தாற்போல் 9.81 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தால், நாம் கேள்வி கேட்க வேண்டியது அவரிடம்தான். நாமோ அவருக்கு முழு மதிப்பெண் போட்டு, 10.88 எழுதியவரைத் திருப்பி அனுப்புகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நிறமாலைமானி என்ற, ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் கருவியைக் கொண்டு முப்பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடியின் கோணம் காணும் சோதனை இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யும்போது எந்த மாணவராவது, "சார், பட்டகத்தை ரொம்பச் சாய்த்து வைத்தால் ஓரத்தில் கோடு கோடாக ஏதோ தெரிகிறது" என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? அதை விடு, பிளவின் பிம்பத்தைப் பார், ரீடிங்கை எடு என்போம். ஏறத்தாழ இதே நிலையில்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் இருந்தார். நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில் விளிம்பு விளைவுப் பட்டைகள் (விளிம்புகளில் ஒளி வளைவதால் தோன்றும் கோடுகள்) இருபுறமும் சமச்சீராக இல்லாமல் இருப்பதைக் கண்டார். விடாமல் அதையே ஆராய்ந்தார். 1906-இல் பிலசாபிக்கல் மேகசின் இதழில் அது கட்டுரையாக வந்தபோது அவருக்கு வயது 18. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை அது. பாடத்திட்டம் கேட்ட விடை பட்டகத்தின் கோணம்; அவர் எழுதியது கேட்காத விடை. அவருடைய பிறந்தநாளையோ, ராமன் விளைவைக் கண்ட பிப்ரவரி 28-ஐயோ நாம் கொண்டாடும் விதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

எதிர்பாராத விடை வரும்போதெல்லாம் ஒரு ராமன் பிறப்பார் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அது "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியது போன்ற சாதாரணப் பிழையாகத்தான் இருக்கும். பெரிய ஆய்வகங்களிலும் அப்படித்தான். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழுவினர், ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்குச் சுமார் 730 கி.மீ. பயணம் செய்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்து சேர்வதாகத் தங்கள் அளவீடு காட்டுகிறது என்று அறிவித்தார்கள். ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டீனை வென்றுவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிழை எங்கே என்று தேடியும் கிடைக்கவில்லை, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். சில மாதங்களில் கிடைத்தது: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடம் அதில் முக்கியக் காரணம். வெட்கப்பட வேண்டிய கதையாகச் சிலர் இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடை ஒளியின் வேகத்துக்குள் அடங்கும்படி அந்த 60 நானோவினாடியைக் குறிப்பேட்டில் யாரும் சத்தமில்லாமல் கரைத்துவிடாததால்தான் வடம் கண்டுபிடிக்கப்பட்டது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. புதிய கருவிகள் வேண்டாம். புதிய பாடநூலும் வேண்டாம். முடிவு புத்தக மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்குத் தரும் மதிப்பெண்ணை, அது சிறிதாகவே இருந்தாலும், எடுத்துவிடுங்கள். அந்த மதிப்பெண்ணின் அளவு சிறிது, அதன் நிழல் பெரிது: அதற்காகத்தான் காட்சிப் பதிவுகள் முழுவதும் பொய்யாகின்றன. அந்த இடத்தில், விடையோடு அதன் பிழை எல்லையையும், அந்த எல்லை எப்படி வந்தது என்பதை இரண்டு வரியிலும் எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டில் அடித்து எழுதுவதை அனுமதியுங்கள். ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அடியில் இருப்பது படிக்கும்படி உள்ள எண்ணுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவையுங்கள். வெள்ளை மை தடவிய நோட்டை அழகு என்று பாராட்டும் பழக்கம் எங்களிடமிருந்து போக, அப்படி ஓர் ஆணை தேவைப்படுகிறது.

ஆண்டுக்கு ஒரு சோதனையாவது விடை தெரியாததாக இருக்கட்டும். தம்ளரில் ஊற்றிய வெந்நீர் மூடியோடும் மூடியில்லாமலும் எப்படி ஆறுகிறது, பள்ளி மைதானத்து ரப்பர் பந்து ஒவ்வொரு துள்ளலிலும் எவ்வளவு உயரத்தை இழக்கிறது என்பது போல, ஆசிரியருக்கே முன்கூட்டி விடை தெரியாத ஒன்று. கைடு புத்தகத்தில் இல்லாத எண்ணுக்கு ரீடிங் போட முடியாது என்பது அதன் முதல் நன்மை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். ஆசிரியர் அறையில் அவற்றை நானே சொல்லியிருக்கிறேன். ஒரு நாளில் பல குழுக்களைப் பார்த்து முடிக்க வேண்டிய தேர்வாளருக்கு ஒவ்வொரு நோட்டாகப் பிழை எல்லையை ஆராய நேரமேது என்பார்கள். புத்தக மதிப்போடு ஒப்பிடுவது ஒரு கணத்தில் முடியும் என்பது உண்மையே. ஆனால் வேகமாகச் சரிபார்க்க முடிவதற்காக அதைத் தேர்ந்தெடுத்தால், நாம் சரிபார்ப்பது மாணவரின் நினைவாற்றலை மட்டும்தான். எண்ணை அப்படியே விட்டால் சோம்பேறிகள் எதையாவது எழுதிவைப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், 9.8 என்று. மூன்றாவது மறுப்பு மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது: ஆய்வகம் பெயரளவுக்கே இருக்கும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள், கருவி சரியில்லாததற்கான தண்டனையைத் தாங்கள் அனுபவிப்பார்களே என்பது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இன்றைய முறையில்தான் அந்தத் தண்டனை அதிகம். தேய்ந்த கருவியோடு மல்லாடும் மாணவர், "இந்தக் கருவியில் இதற்கு மேல் நுட்பம் கிடைக்காது, காரணம் இது" என்று எழுதி முழு மதிப்பெண் பெறும் வழி, நான் கேட்கும் முறையில்தான் திறக்கும்.

என் பேத்தி பக்கத்தைத் திரும்ப எழுதவில்லை. பழைய அட்டவணையை அப்படியே விட்டுவிட்டு 10.88-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறாள். எதிர்ப்பக்கத்தில் வரைபடத் தாளை ஒட்டி, கோடு கிடை அச்சை வெட்டும் இடத்தில் அம்புக்குறி போட்டு, "எண்ணத் தொடங்கியது சுழியிலிருந்து அன்று, ஒன்றிலிருந்து, எனவே 20 என்று எழுதியவை 19 அலைவுகள்" என்று எழுதி, அதற்குக் கீழே "9.8, 0.1 கூடலாம் அல்லது குறையலாம்" என்று முடித்திருக்கிறாள். அவளுடைய ஆசிரியர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாராம். ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். தேர்வு நாளில் தேர்வாளர் இந்தப் பக்கத்தைப் பார்த்து என்ன சொல்வார் என்பது தனக்குத் தெரியாது, வேண்டுமானால் வேறு தாளில் சுத்தமாக ஒரு பிரதி எழுதி ஒட்டிவிடு என்கிறார். தன் மாணவிக்கு மதிப்பெண் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறார். ஆகவே அவர் கேட்கத் தயங்கும் கேள்வியை அவருக்காக நான் கேட்கிறேன்: இந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடலாமா? தேர்வு தொடங்குவதற்கு முன், எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரும்படி, எழுத்தில் ஒரு பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர் ஒருவர்